விட்டுப்போன மூன்று பெயர்கள்

அத்தியாயம் 9

வகுப்பில் மகள் இலிங்காவைத் தவிர எட்டுப் பெண்கள். வியோரிகா ஐந்து பேருக்குப் பிறந்தநாள் அழைப்பு அனுப்பினாள். சென்ற வாரம் அவள் செய்தது அவ்வளவுதான்.

ருமேனியாவில் போட்டோஷானியை விட்டு டென்மார்க்கின் எஸ்பியருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கணவன் கோஸ்டெல் இரண்டு வருடம் முன்பே வந்து துறைமுகத்தில் காற்றாலைக் கோபுரங்களை இணைக்கும் வேலையில் சேர்ந்திருந்தான். வியோரிகா ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தாள். முதல் இரண்டு மாதமும் இலிங்கா பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுத்தாள். மூன்றாம் மாதம் வாந்தி நின்றது. நிவி கிடைத்திருந்தாள்.

நிவி கிரீன்லாந்திலிருந்து அப்பாவோடு வந்தவள். இடைவேளையில் இருவரும் மைதானத்து மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு ஆசிரியை பெற்றோர் சந்திப்பில் சொன்னாள்: "இலிங்காவுக்கு ஒரு தோழி கிடைச்சது நல்ல விஷயம். மத்தவங்களோடயும் பழகினா இன்னும் நல்லது."

வியோரிகா இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

நிவி ஒருத்தியை மட்டும் அழைக்காமல் விட்டால் பளிச்சென்று தெரியும். அதனால் அல்பெர்டே, மைகென் என்ற இரண்டு பெயர்களையும் கூடவே நீக்கினாள். அந்த இரண்டு பிள்ளைகளிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முகம்கூடத் தெரியாது.

"நிவிக்கு அனுப்பிட்டியா?" என்று இலிங்கா கேட்டிருந்தாள்.

"அனுப்பிட்டேன்" என்றாள் வியோரிகா.

சனிக்கிழமை வந்தது. இலிங்காவுக்கு ஒன்பது வயது. விருந்து இரண்டு மணிக்கு.

*

காலை ஒன்பதரைக்கே சமையலறை முழுக்க ஆவி. கோஸ்டெல் பாத்திர மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"முட்டைக்கோஸ் உருண்டை எதுக்கு? ஒன்பது வயசுப் பிள்ளைங்க இதைத் தொடுமா?"

"கூட வர்ற அம்மாக்கள் சாப்பிடுவாங்க."

"அம்மாக்கள் வாசல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க, வியோரி. இது போட்டோஷானியா? குடும்பத்தோட வந்து உக்காந்து, உன் மாமா பாடி, எங்க அத்தை அழுது…"

"உங்க அத்தை அழாத விசேஷம் எது?"

அவன் சிரித்தான். அப்போது அவளுடைய கைபேசி மணி அடித்தது. பள்ளிச் செயலி. அவள் கையில் மாவு. அவன் எடுத்துப் படித்தான்.

"இன்னைக்கு வர முடியலையாம். இலிங்காவுக்கு வாழ்த்து சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"ஐடாவோட அம்மா."

பத்து மணிக்குள் இன்னொன்று. பத்தரைக்குள் நான்கு.

கோஸ்டெல் நான்கையும் மறுபடி படித்தான். "நாலும் ஒரே மாதிரி இருக்கு."

"பிள்ளைங்களுக்கு ஏதாவது காய்ச்சல் பரவுதா?"

"காய்ச்சல்னா காய்ச்சல்னு எழுதுவாங்க. காரணமே எழுதலைன்னா காரணம் நாமதான்."

வியோரிகா கையைக் கழுவினாள். கழுவிய கையை மறுபடி கழுவினாள்.

உள்ளே இலிங்கா பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதும் நிறுத்துவதும் கேட்டது.

*

பதினொன்றுக்கு வாசல் மணி. டோர்ட்டே வந்திருந்தாள். வகுப்புப் பெற்றோரின் தொடர்பாளர். தலைக்கவசத்தைக் கழற்றி, காலணியைக் கழற்றி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகப் பேசினாள். வியோரிகாவுக்காகத்தான் அந்த நிதானம்.

"நான் குத்தம் சொல்ல வரலை."

"காபி?" என்றான் கோஸ்டெல்.

"வேண்டாம். நேத்து ஒருத்தங்க, பரிசு என்ன வாங்கப்போறீங்கன்னு அல்பெர்டேயோட அம்மாகிட்ட கேட்டிருக்காங்க. அவங்களுக்கு அழைப்பே வரலை. அப்படியே ஒவ்வொண்ணா, மூணு பேருக்கு வரலைன்னு வெளிய வந்துடுச்சு."

அவள் இருவரையும் பார்த்தாள்.

"நம்ம வகுப்புல ஒரு ஏற்பாடு இருக்கு. பிறந்தநாள்னா எல்லாப் பொண்ணுங்களும். இல்லேன்னா எல்லாப் பசங்களும். இல்லேன்னா மொத்த வகுப்பு. கொஞ்ச பேரை மட்டும் கூப்பிட்டா மத்தவங்க பிள்ளைய அனுப்ப மாட்டாங்க. ஆகஸ்ட் கூட்டத்துல முடிவு பண்ணினது. கோஸ்டெல், நீங்ககூட வந்திருந்தீங்களே."

கோஸ்டெலின் கழுத்து சிவந்தது. "வந்திருந்தேன்."

"கையைத் தூக்கினீங்க."

"எல்லாரும் தூக்கினாங்க."

டோர்ட்டே சிரிக்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. கோஸ்டெலும் சிரித்தான். வியோரிகா சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்திருந்தேன்" என்றான் அவன். "நல்ல கேக் குடுத்தீங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"பரவால்ல. எல்லாருக்கும் நான் ஒரு செய்தி போட்டுடறேன். புதுக் குடும்பம், ஏற்பாடு தெரியாம நடந்துடுச்சுன்னு. அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரையும் கூப்பிடுங்க. அவ்வளவுதான். சரியா?" டோர்ட்டே வியோரிகாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாது, இல்லையா?"

"தெரியாது" என்றாள் வியோரிகா.

அது உண்மை. உண்மையாக இருந்ததால் சொல்லச் சுலபமாக இருந்தது.

டோர்ட்டே எழுந்தாள். வாசலில் குனிந்து காலணியின் நாடாவைக் கட்டியபடி, அதிகம் யோசிக்காமல் சொன்னாள்:

"நிவி வீட்டுக்கு மட்டும் நீங்களே பேசிடுங்க. அவ அப்பா நேத்து எனக்குப் போன் பண்ணினாரு. நிவி இலிங்காகிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாளான்னு கேட்டாரு."

நிவியின் அப்பா அக்கலு நகரப் பேருந்து ஓட்டுகிறார். அதிகாலை ஐந்தே முக்கால் பேருந்து அவருடையது. வியோரிகா அதில்தான் ஹோட்டலுக்குப் போவாள். ஏழு மாதமாக அவர் காலை வணக்கம் சொல்வார், அவளும் சொல்வாள். இந்த வாரம் முழுக்க அவள் நடுக்கதவு வழியாக ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவர் தன்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அவள் பார்க்கவில்லை.

"நிவி எப்ப வருவா?"

இலிங்கா கூடத்தில் நின்றிருந்தாள். நீல நிற உடை. டேனிஷ் அவளுக்கு இப்போது காதில் விழுந்தாலே புரியும்.

இலிங்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நிவிக்கு அனுப்பினேன்னு சொன்னியே, அம்மா."

"அனுப்பினேன்" என்றாள் வியோரிகா. ருமேனிய மொழியில் சொன்னாள். டோர்ட்டேக்குப் புரியாது. "செயலியில விட்டுப்போச்சு போல. எனக்குத்தான் அதைச் சரியா அமுக்கத் தெரியாதே."

இலிங்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நம்பிவிட்டாள்.

"ஓ. அப்ப இப்பவே போய்க் கூப்பிடலாம். இன்னும் நேரம் இருக்கே." டோர்ட்டேயிடமும் அதையே டேனிஷில் சொன்னாள்.

"அருமையான யோசனை" என்றாள் டோர்ட்டே. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனாள்.

இலிங்கா கோட்டு எடுக்க உள்ளே ஓடினாள். கோஸ்டெல் கதவைச் சாத்தினான்.

"ஒண்ணு விட்டுப்போகலாம். மூணு எப்படி விட்டுப்போகும்?"

வியோரிகா அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"நிவியா?"

"உன் சூப்பர்வைசரோட மகன் ஆறு வருஷமா இங்க இருந்தும், இன்னும் ஒரு டேனிஷ் பையனோடகூட சிநேகிதமாகலைன்னு நீதானே சொன்ன."

"சொன்னேன். அதுக்கு?"

"அதையே நெனச்சிட்டிருந்தேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பொண்ணு இல்லேன்னா இவ இன்னும் காலையில வாந்திதான் எடுத்துட்டிருப்பா, வியோரி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

இலிங்கா கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். வியோரிகா மண்டியிட்டு அதைச் சரிசெய்தாள். நேரமெடுத்துச் செய்தாள்.

*

நிவியின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பத்து நிமிட நடை. மார்ச் மாதக் காற்று கடலிலிருந்து நேராக வந்தது. இலிங்கா முன்னால், அம்மாவைப் பார்த்துப் பின்னோக்கி நடந்தபடி பேசிக்கொண்டே போனாள்.

"நீ பேசாத. உன் டேனிஷ் மோசம். நானே சொல்றேன்."

"என்ன சொல்லுவ?"

"அம்மா எல்லாருக்கும் அனுப்பினாங்க, செயலியில மூணு பேர் விட்டுப்போச்சுன்னு. அதானே?"

இப்போது சொல்லிவிடலாம் என்று வியோரிகா நினைத்தாள். ரயில் கேட்டைத் தாண்டியதும் சொல்லலாம். தாண்டினார்கள். மளிகைக் கடை மூலையில் சொல்லலாம். இலிங்கா கடைக் கண்ணாடியில் தன் உடையைப் பார்த்துக்கொண்டாள்.

"நிவி நேத்து என்கூடப் பேசவே இல்ல. வயித்து வலின்னு நெனச்சேன். பாவம், அழைப்பு வரலைன்னுதான். என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றாள் வியோரிகா.

"ஆனா நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

மூன்றாம் மாடி. அக்கலு கதவைத் திறந்தார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், பின்னால் மேசையில் அது விரிந்து கிடந்தது. அவர் வணக்கம் சொன்னார். பேருந்தில் சொல்லும் அதே குரல்.

இலிங்கா மூச்சு விடாமல் சொன்னாள். வியோரிகாவுக்கு அதில் பாதிதான் புரிந்தது. அம்மா. செயலி. தவறு. இரண்டு மணி. புரிந்த பாதி போதும்.

அவர் கைக்குக் கீழே நிவியின் தலை தெரிந்தது. இலிங்கா பேசி முடிப்பதற்குள் நிவி ஒரு காலில் காலணி மாட்டியிருந்தாள். மற்றதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கலு வியோரிகாவைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார், ஊருக்குப் புதிய பயணியிடம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பதைப் போல.

"மூணு பேருக்குமே விட்டுப்போச்சா?"

தலையை ஆட்டினால் போதும். டோர்ட்டே நம்பிவிட்டாள். மகள் நம்பிவிட்டாள். நிவி இரண்டாவது காலணியைக் கண்டெடுத்துவிட்டாள். எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்லை" என்றாள் வியோரிகா.

தன் டேனிஷில் சொன்னாள். "விட்டுப்போகலை. நான் விட்டேன். நிவி பேரை. தெரிஞ்சு. மத்த ரெண்டு பேர், அது மறைக்கறதுக்கு."

இலிங்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றார் அக்கலு.

"என் பொண்ணு இவளோட மட்டும் இருந்தா… டேனிஷ் பிள்ளைங்களோட சேர மாட்டாளோன்னு பயம். டேனிஷ் வராதுன்னு பயம்."

உள்ளே இஸ்திரிப் பெட்டி மெல்லச் சீறியது.

"உங்க பொண்ணு இப்ப என்கிட்ட எவ்வளவு நேரம் பேசினா?" என்றார். "ஒரு தடவைகூடத் தடுமாறலை. அந்த டேனிஷ் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

வியோரிகா மகளைப் பார்த்தாள்.

"நிவி வீட்டுக்கு வந்து பயிற்சி எடுப்பா. நாளைக்கு இலிங்காகிட்ட எதைச் சொல்லணும், எவ்வளவு மெதுவா சொல்லணும்னு. அவளும் வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. அங்க எங்க வீட்டுல வேற மொழி." அவர் நிறுத்தினார். "நேத்து சாயந்திரம், தான் என்ன தப்பு பண்ணினோம்னு என்கிட்ட கேட்டா. ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னேன். நம்பலை."

நிவி குனிந்து காலணியைக் கழற்றினாள். அதைச் சுவரோரமாக ஒழுங்காக வைத்தாள். பிறகு உள்ளே போனாள்.

"அம்மா," என்றாள் இலிங்கா, "அப்ப நான் இப்ப சொன்னது?"

"பொய்."

"நான் நிவிகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"நீ சொல்லலை கண்ணு. அது நான் சொன்னது."

"என் வாயாலதான வந்துச்சு."

வியோரிகா கையை நீட்டினாள். இலிங்கா அந்தக் கை எட்டாத இடத்துக்கு நகர்ந்தாள். அக்கலுவிடம் ஏதோ கேட்டாள். அவர் உள்ளே திரும்பி வேறு மொழியில் நிவியிடம் கேட்டார். பதில் வரச் சற்று நேரமானது. ஒரே ஒரு சொல்.

அவர் வழிவிட்டார். இலிங்கா காலணியைக் கழற்றி நிவியின் காலணிக்கு அருகில் வைத்தாள். ஒட்டி வைக்கவில்லை, ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"நான் இருக்கேன்" என்றார் அக்கலு. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"மன்னிச்சுடுங்க."

"என்கிட்ட இல்ல" என்றார் அவர். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

*

வீட்டில் கோஸ்டெல் எல்லாப் பலூன்களையும் கட்டி முடித்திருந்தான். அவள் தனியாக வந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த நூலைக் கீழே போட்டான்.

"எங்க?"

"அங்க."

"சொல்லிட்டியா?"

"ம்."

"இலிங்காவுக்கும் தெரியுமா?"

"அவ முன்னாடிதான் சொன்னேன்."

அவன் அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. மேசையில் ஆறு தட்டுகள். அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

சரியாக இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது.

லீவா. அழைத்த ஐவரில் ஐந்தாவது பெண். அவள் அப்பா காருக்குள்ளிருந்து கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டார். அவர் வார இறுதிக்கு மட்டும் மகளை வைத்திருப்பவர். அம்மாக்களின் பேச்சு அவர் வரை வந்திருக்கவில்லை.

லீவா பெரிய பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். காலணியைக் கழற்றினாள். பலூன்களைப் பார்த்தாள். அடுக்கிய தட்டுகளைப் பார்த்தாள்.

"நான்தான் முதல்லயா?"

"ஆமா" என்றான் கோஸ்டெல்.

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். வியோரிகா இந்தக் காட்சியை ஒரு மாதமாக மனதில் வைத்திருந்தாள். தன் மேசையில் ஒரு டேனிஷ் பெண். மஞ்சள் தலைமுடி, தயக்கமில்லாத குரல். அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ஒரு முட்டைக்கோஸ் உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

லீவா அதை முகர்ந்தாள். "இது என்ன?"

"ரைஸ். மாட்டிறைச்சி. இலை."

"இலையையும் தின்னணுமா?"

"வேண்டாம்னா பிரிச்சுடு" என்றான் கோஸ்டெல்.

லீவா பிரிக்காமல் கடித்தாள். மென்றாள். இன்னொன்று கேட்டாள்.

"இலிங்கா எங்க?"

வியோரிகா கணவனைப் பார்த்தாள். அவன் உதவவில்லை.

"நிவி வீட்டுல" என்றாள்.

"ஓ." லீவா வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "அப்ப நாமளும் அங்க போலாமே. நிவி வீட்டுக்கு நான் போனதே இல்ல. அவங்க ரெண்டு பேரும் எப்பவும் தனியாவே பேசிப்பாங்க. யாரையும் சேத்துக்க மாட்டாங்க."

*

கோஸ்டெல் உணவுப் பாத்திரத்தைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டான். லீவா தன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டாள். வியோரிகா வெறுங்கையோடு பின்னால் நடந்தாள்.

கட்டடத்தின் கீழே கோஸ்டெல் பொத்தானை அழுத்தினான். ஒலிபெருக்கி கரகரத்தது.

"யாரு?" இலிங்காவின் குரல்.

"அப்பா. லீவா வந்திருக்கா. சாப்பாடு இருக்கு."

உள்ளே கிசுகிசுப்பு. லீவா ஒலிபெருக்கியின் மேல் வாயை வைத்துக் கத்தினாள்: "நான் ரெண்டு உருண்டை தின்னுட்டேன்!" மேலே யாரோ சிரித்தார்கள். ஒருத்தியா இருவரா என்று தெரியவில்லை.

பிறகு இலிங்கா ருமேனிய மொழியில் கேட்டாள். "அம்மாவும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

இன்னும் கிசுகிசுப்பு. இந்த முறை நீண்டது.

"நீங்களும் லீவாவும் வரலாம், அப்பா."

கோஸ்டெல் வியோரிகாவைத் திரும்பிப் பார்த்தான்.

"போ," என்றாள் அவள், "ஆறிடும்."

பூட்டு விடுபட்டது. அவர்கள் உள்ளே போனார்கள். லீவாவின் காலடிகள் படிகளில் ஓடின. கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

வியோரிகா சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பையில் கைபேசி அதிர்ந்தது. டோர்ட்டே எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போட்டிருந்தாள். புதிய குடும்பம். வகுப்பின் ஏற்பாடு அவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

செய்திக்குக் கீழே இதயக் குறிகள் வரத் தொடங்கின. ஐடாவின் அம்மா. அல்பெர்டேயின் அம்மா. மைகெனின் அப்பாவும் அம்மாவும், தனித்தனியாக. 'நம் எல்லாருக்கும் நடப்பதுதான்' என்று ஒருவர் எழுதினார். 'நல்வரவு' என்று ஒருவர்.

பெற்றோர் பட்டியலில் அக்கலுவும் இருந்தார். செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டியது. இதயம் போடவில்லை. எதுவும் எழுதவும் இல்லை.

அவர் உண்மையை எழுத மாட்டார் என்று வியோரிகாவுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லுவார்.

பதினோரு இதயங்கள். அவள் எண்ணினாள். பிறகு கையுறையைக் கழற்றினாள்.

'வகுப்பின் ஏற்பாடு எனக்குத் தெரியாது என்பது உண்மை' என்று டேனிஷில் தட்டினாள். அதுவரை அவளுக்கு வந்தது. அடுத்து 'ஆனால்' என்று தட்டினாள். அதுவும் வந்தது.

அதற்கு மேல் வேண்டிய சொற்கள் அவளிடம் இல்லை. கேட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லக்கூடிய மகள் மூன்றாம் மாடியில் இருந்தாள்.

வியோரிகா மறுபடி கட்டடத்தின் கதவுக்குப் போனாள். பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.